தம்பி பெயரில் ஒரு செபம்

அக்காள்மடம்,
மாசி, 1965

அய்யாவுக்குக் கூத்தையா கும்பிட்டு எழுதுகிறேன். அம்மாவுக்குக் கால்வலி தேவலையா?

புயல் அரித்த ரோட்டைப் போடும் வேலையில் எனக்குக் கொஞ்சம் காய்ச்சல். பயப்பட ஒன்றுமில்லை. மீன்காரர் வீட்டு ஞானம்மாள், புயலில் மகனைப் பறிகொடுத்தவள், கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். "மாதா கோயில்ல ஒங்களுக்காகச் செபிக்கணும், பேரென்ன?" என்றாள். கிறிஸ்தவ வேதத்தில் சேர்க்கப் பார்க்கிறாளோ என்று சந்தேகப்பட்டு, தம்பி மருதுபாண்டி பெயரைச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று பார்த்தேன். வீடு வாசல் இழந்த சனமெல்லாம் முழங்காலிட்டு மருதுபாண்டிக்காக அழுதது.

மாதக்கணக்கில் படுத்துக் கிடந்த தம்பி மறுநாளே எழுந்து வயலுக்குப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் காய்ச்சல் இன்னும் விடவில்லை. இதில் ஏதோ சூது இருக்கிறது.

அம்மா போர்த்தும் பழைய சேலை ஒன்றை அனுப்புங்கள். வருகிற ஞாயிறு என் சொந்தப் பெயரைச் சொல்லலாமா என்று மறுதபாலில் எழுதுங்கள்.