கறுப்புக்குக் கீழே மெரூன்

போன ஞாயிற்றுக்கிழமை பரணைத் துடைக்க ஏணி போட்டேன். பழைய செய்தித்தாளில் சுற்றிய மூன்று எவர்சில்வர் டம்ளர்கள் கைக்கு வந்தன. நம்முடைய டம்ளர்கள். காபிக்கு எடுத்துவிடக் கூடாது என்று நீதான் தனியாகச் சுற்றி வைத்தாய். நீ போன பிறகு நான் அவற்றைத் தொடவில்லை. தாளைப் பிரித்து ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோனேன். மக்கிய காகித வாசனை மட்டும்தான். கவிழ்த்துப் பார்த்தேன். இரண்டின் அடியில் ஒன்றும் இல்லை. மூன்றாவதன் அடியில் ஒரு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு.

முதலில் அழுகை வந்தது. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். கறுப்பைச் சுற்றி மயிரிழை அகலத்துக்கு மெரூன் விளிம்பு தெரிந்தது. நகத்தால் நெம்பினேன். கறுப்பு பாதி எழும்பியது. அதற்குக் கீழே இன்னொரு பொட்டு, முழு மெரூன்.

நீ இருந்திருந்தால், "ஆரம்பிச்சிட்டா சிஐடி" என்று சொல்லியிருப்பாய்.

அந்தப் பெயரை நீ எனக்கு வைத்தது ரயிலில். பட்டாபிராமில் ஏறி, உன் ஃபேன்சி ஸ்டோருக்கு வளையலும் பொட்டும் கொள்முதல் செய்ய சென்ட்ரல் போய்க்கொண்டிருந்தாய். நான் ஆவடியில் ஏறி அம்பத்தூரில் இறங்குகிறவள். லேடீஸ் பெட்டியில் கூட்டம். நீ எழுந்து எனக்கு இடம் கொடுத்தாய். முன்பின் தெரியாதவள் எதற்கு இடம் கொடுக்கிறாள் என்று யோசித்துக்கொண்டு நான் நின்றேன்.

"இன்னாக்கா அப்டிப் பாக்குற? சீட்டுல குண்டு கிண்டு வெக்கல. குந்து."

உட்கார்ந்தேன். கைப்பையை மட்டும் மடியில் இறுக்கிக்கொண்டேன். அதையும் நீ கவனித்துவிட்டாய். அம்பத்தூர் வருவதற்குள் நான் அக்காவிலிருந்து சிஐடி ஆகிவிட்டேன். சில மாதங்களில் வெறும் 'டி' ஆனேன். வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. யாரையும் அவ்வளவு பக்கத்தில் நான் விட்டதில்லை.

என் வேலைக்குச் சந்தேகம் தேவை. அம்பத்தூர் எஸ்டேட்டில் சமையல் எண்ணெய் அடைக்கும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறேன். அடைக்கப்போகும் ஒவ்வொரு தொகுதி எண்ணெயிலும் ஒரு கிண்ணம் எடுத்துச் சூடாக்கி முகர்ந்து பார்த்து, கெட்ட எண்ணெயின் காறல் வாடை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். எந்திரம் சொல்வது ஒரு பக்கம், மூக்கு சொல்வது ஒரு பக்கம். இரண்டும் ஒத்துப்போனால்தான் லாரி கிளம்பும்.

பெங்களூரில் ஒரு பயிற்சிக்குப் போனபோதுதான் முதன்முதலாக ஏல் என்ற பியரைக் குடித்தேன். திரும்பி வந்து உன்னிடம் மட்டும் சொன்னேன். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் லாகர் என்றும், ஏல் அதைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பில் புளிக்க வைப்பது, அதனால் பழவாசனை வரும் என்றும் பாடம் நடத்தினேன். நீ பாடத்தைக் கேட்கவில்லை.

"வாசனய வாயால சொன்னா எப்பிடிடி? ஒரு பாட்டில் வாங்கிகினு வா."

மாலில் இருக்கும் எலைட் மதுக்கடைக்குள் நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனதைக் கதை கதையாகச் சொல்லிச் சிரித்திருக்கிறாய். எல்லாப் பாட்டிலையும் திருப்பித் தேதி பார்த்தேன். மூடியைத் தடவிப் பார்த்தேன். சேக்காட்டில் என் ஃபிளாட்டின் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு, ஒரு பாட்டிலை இரண்டாகப் பங்கிட்டுக் குடித்தோம். அதற்கு மேல் என்றைக்கும் நமக்கு வேண்டியிருந்ததில்லை.

உனக்கு எல்லாம் உடனே ஏதாவது ஒன்றாகிவிடும். கோதுமை ஏலைக் குடித்துவிட்டு, "தனியா வறுத்தாப்ல கீதுடி. ஆரஞ்சுத் தோலு வேற" என்றாய். லேபிளிலும் கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல் என்றுதான் போட்டிருந்தது. நீ ஆங்கிலம் படிக்க மாட்டாய் என்று தெரிந்தும், யாரையாவது கேட்டுவிட்டு வந்திருப்பாயோ என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. பேல் ஏல் உனக்குப் பிடிக்கவே இல்லை. "வேப்பங்கொழுந்தக் கட்ச்சா மாறி. இத காசு குட்து வேற வாங்குறாங்களா?" ஸ்டவுட் என்ற கறுத்த பியருக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டாய். "அடிப்புடிச்ச சோறு. ஆனா நல்லா கீது."

நான்தான் கெடுத்தேன். எல்லாமே ஒரே பியர், லேபிளை மாற்றி ஒட்டி விலையை ஏற்றுகிறார்கள், லேபிளைப் பார்த்த கண் நாக்குக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது என்றேன்.

"அப்ப கண்ண மூடிகினு குட்ச்சுப் பாத்துட வேண்டியதுதான?"

அப்படித்தான் பொட்டுச் சோதனை ஆரம்பித்தது. விதிகள் என்னுடையவை, சாமான் உன்னுடையது. மூன்று டம்ளர்கள். இரண்டில் ஒரு பாட்டில், மூன்றாவதில் வேறு பாட்டில். கண்ணாடி கிளாஸ் என்றால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எவர்சில்வர். ஒருத்தி பால்கனியில் நிற்க, மற்றவள் ஊற்றி, நுரை அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய இரண்டுக்கும் அடியில் மெரூன் பொட்டு, தனி டம்ளருக்குக் கறுப்பு. குடிப்பவள் கண்ணைக் கட்டிக்கொண்டு மூன்றையும் சுவைத்துத் தனி எது என்று சொல்ல வேண்டும். நடுவில் வாயை மாற்ற உப்பில்லாத பொரி. நீ கொண்டுவந்த மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்ப் பத்தைக்கு நான் தடை போட்டேன்.

"பியருக்குப் பொரியா? இன்னா, சரசுவதி பூசையா?"

சோதனை முடிந்ததும் மூன்று டம்ளர்களையும் தூக்கி அடியைக் காட்ட வேண்டும் என்பது கடைசி விதி. நீ ஜெயித்தால் நான் மூன்றையும் பார்ப்பேன். நான் ஜெயித்தாலும் மூன்றையும் பார்ப்பேன். பிறகு நீ பொட்டுகளை உரித்து என் குளியலறைக் கண்ணாடியின் ஓரத்தில் வரிசையாக ஒட்டிவிட்டுப் போவாய். பொதுவாக நீதான் ஜெயித்தாய். பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்த மூக்கு என்னுடையது. அதனால் உன் கைவிரல்களை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

அப்புறம் கொரோனா வந்தது. எனக்குக் காய்ச்சல் நான்கு நாளில் போய்விட்டது. மூக்கு திரும்பவில்லை. வேலைக்குத் திரும்பிய முதல் நாள் சூடான எண்ணெய்க் கிண்ணத்தின் மேல் குனிந்தேன். முகத்தில் வெப்பம் பட்டது. வாசனை என்று ஒன்று உலகத்தில் இருந்ததற்கே அடையாளம் இல்லை. பக்கத்திலிருந்த ஜூனியர் பெண்ணிடம், "உனக்கு எப்படிம்மா தோணுது?" என்று சோதிப்பவளைப் போலக் கேட்டேன். அவள் சரி என்றாள். நான் கையெழுத்துப் போட்டேன். இப்படியே பத்து நாள்.

டாக்டர் தினமும் கிராம்பையும் எலுமிச்சையையும் முகரச் சொன்னார். மெதுவாக வரும், வராமலும் போகலாம், முயற்சியை விட்டுவிடக் கூடாது என்றார். இரண்டு வாரத்தில் நான் விட்டுவிட்டேன். ராஜினாமாக் கடிதம் எழுதினேன். அதை உன்னிடம் காட்டினேன்.

"ஒரு மாசம் கயிச்சுக் குடுடி. லெட்டரு இன்னா, தயிரா? கெட்டா போவும்?"

பிறகு, "வா, பொட்டு வெச்சுப் பாத்துடலாம்" என்றாய்.

அப்போதும் விதி போட்டது நான்தான். கசப்பை நாக்கே சொல்லிவிடும். மூக்கைச் சோதிக்க வேண்டுமானால் இரண்டும் ஒரே அளவு கசக்க வேண்டும். அதனால் இரண்டு கோதுமை ஏல்கள் வாங்கினேன். ஒன்றில் உன்னுடைய தனியாவும் ஆரஞ்சுத் தோலும். மற்றதில் வாழைப்பழமும் கிராம்பும். மூக்குள்ளவருக்கு அது சோதனையே இல்லை. எனக்கு மூன்று டம்ளரும் சோடா கலந்த கஞ்சித் தண்ணீர்.

முதல் ஞாயிறு தவறு. இரண்டாவது ஞாயிறும் தவறு. மூன்றாவது ஞாயிறு நான் நடு டம்ளரைக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று எனக்கே தெரியாது. நீ அதைத் தலைக்கு மேல் தூக்கினாய். "கறுப்புடி! பாரு, கறுப்பு!" கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். கறுப்பு. நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மற்ற இரண்டையும் நீ சமையலறைக்கு எடுத்துப் போய்விட்டாய். குழாய் ஓடும் சத்தம் கேட்டது.

அடுத்த ஞாயிறும் சரி. அதற்கடுத்த ஞாயிறும் சரி. "வாயப்பயம் தெரிஞ்சுதா?" என்று கேட்டாய். தெரிந்தது போலத்தான் இருந்தது. மறுபடி கிராம்பை முகர ஆரம்பித்தேன், காலையும் மாலையும் விடாமல். கடிதம் அலமாரியில் கிடந்தது. ஒரு மாதம் கழித்து ஒரு காலை, தொழிற்சாலையில் ஒரு கிண்ணத்தின் மேல் குனிந்தபோது காறல் முகத்தில் அறைந்தது. எந்திரமும் அதையேதான் சொன்னது. அந்தத் தொகுதியை நிறுத்தினேன். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உனக்குப் போன் செய்தேன். நீ வாடிக்கையாளரிடம் "இரும்மா" என்று சொல்லிவிட்டு, போனிலேயே நீளமாக ஒரு மூச்சு விட்டாய். அதை நான் மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். இன்று யோசித்தால், பயம் நீங்கி விட்ட மூச்சு அது.

போன ஆடியில் ஒரு காலை உன் கடை ஷட்டரைத் தூக்கும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

டம்ளரின் அடியைப் பார்த்த பிறகு இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. முந்தின வாரத்துப் பொட்டை உரிக்க மறந்து, அதன் மேலேயே அடுத்ததை ஒட்டியிருக்கலாமே என்று உனக்காக வாதாடினேன். ஆனால் இந்த ஒன்றைத் தவிர நீ எதையும் உரிக்காமல் விட்டதே இல்லை. கண்ணாடி ஓரத்தில் அந்த வரிசை இன்னும் இருக்கிறது. புதன்கிழமை வேலை முடிந்து ஆவடியில் இறங்காமல் பட்டாபிராம் போனேன். கல்லாவில் உன் மகள்.

"வாங்க பெரிம்மா. இன்னா, எளச்சுட்டீங்க?"

சுற்றி வளைக்காமல் கேட்டேன். கொரோனாவுக்கு அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வரும்போது அம்மா கடையிலிருந்து என்ன எடுத்து வந்தாள் என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள்.

"அத்த ஏன் கேக்குறீங்க. கட்டவெரல் நகத்துல ஒரு கறுப்புப் பொட்டு ஒட்டிகினுதான் ஊட்ட உட்டே கெளம்பும். கண்ணாடி முன்னாடி நின்னு டம்ளர வெச்சுகினு பயகும். தூக்கும், அமுக்கும், தூக்கும், அமுக்கும். இன்னாமா இதுன்னா, 'சிஐடிக்கு மருந்து'ன்னு சொல்லும். நான் உங்க ரெண்டு பேருக்கும் ஏதோ வெளாட்டுன்னு நெனச்சேன்."

நான் தவறான டம்ளரைக் காட்டியபோதெல்லாம், அதைத் தூக்கும்போதே அடியிலிருந்த மெரூன் மேல் கறுப்பை அமுக்கியிருக்கிறாய். திரும்பும் ரயிலில் உன் மேல் கோபம் வந்தது. எந்த உரிமையில் என் மூக்கைப் பற்றி எனக்கே பொய் சொன்னாய்? அந்த வாரங்களில் உன் கறுப்புப் பொட்டை நம்பி, ஜூனியர் பெண்ணைக் கேட்காமலேயே சில தொகுதிகளுக்குக் கையெழுத்துப் போட்டேன். எந்திரச் சோதனை தனியாக நடந்தது, கெட்ட எண்ணெய் எதுவும் வெளியே போகவில்லை. இருந்தாலும் 'மணம்: சரி' என்ற வரிக்குக் கீழே இருப்பது என் பெயர். உன்னிடம் இதைச் சொல்லியிருந்தால், "எண்ணெ நல்லாத்தான கீது, அப்புறம் இன்னா?" என்றிருப்பாய். அந்தப் பதில் எனக்குப் போதாது. இன்றைக்கும் போதாது.

ஆனால் ஆவடி வருவதற்குள் கோபம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. நீ ஜெயித்தபோதெல்லாம் உன் விரல்களைப் பார்த்தவள் நான். பாட்டில் மூடியைப் பார்த்தவள், தேதியைப் பார்த்தவள், ரயிலில் ஒரு காலி இருக்கையையே நம்பாதவள். நடு டம்ளர் கறுப்பு என்று நீ சொன்ன அன்றும் அதன் பிறகும் மட்டும் மற்ற இரண்டையும் காட்டு என்று கேட்கவில்லை. என் சொந்த விதி அது. நான் கேட்க மாட்டேன் என்று உனக்கு எப்படித் தெரிந்தது? கண்ணாடி முன் நின்று விரலைப் பழக்கிய நேரத்தில், நான் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்றும் யோசித்திருப்பாய். யோசித்துவிட்டு, கேட்க மாட்டாள் என்று முடிவு செய்திருக்கிறாய். என்னைப் பற்றி யாரும் இவ்வளவு சரியாகக் கணித்ததில்லை.

நேற்று அதே இரண்டு கோதுமை ஏல்களை வாங்கி வந்தேன். பரணிலிருந்து எடுத்ததில் பொட்டில்லாத இரண்டு டம்ளர்கள், மூன்றாவதாக அதே அளவில் ஒரு காபி டம்ளர். உன் மகள் கொடுத்தனுப்பிய பொட்டு அட்டையிலிருந்து இரண்டு மெரூன், ஒரு கறுப்பு. கண்ணைக் கட்டிக்கொண்டு, தட்டோடு சேர்த்துச் சுற்றிச் சுற்றி இடம் மறந்துபோகும்வரை மாற்றி வைத்தேன். ஒரு தடவை சரியாகச் சொல்வது எதையும் நிரூபிக்காது, மூன்றில் ஒன்று குருட்டாம்போக்கிலேயே அமையும். அதனால் ஒவ்வொரு வாயாக, பொரி தின்றுகொண்டே, ஆறு முறை செய்தேன். ஐந்து முறை தனியாவும் ஆரஞ்சுத் தோலும் தெளிவாக வந்தன. ஒரு முறை தவறியது. ஒவ்வொரு முறையும் மூன்று டம்ளர்களையும் தூக்கிப் பார்த்தேன்.

ஆக, மூக்கு திரும்பியிருக்கிறது. எந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பியது என்றுதான் தெரியாது. அந்த வாரங்களில் நான் சரியாகச் சொன்னவற்றில் எது என் மூக்கு சொன்னது, எது உன் கட்டைவிரல் சொன்னது என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. உன்னைக் கேட்டாலும் நீ உண்மையைச் சொல்ல மாட்டாய். சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.

இப்போது தொழிற்சாலையில் என் முடிவு சரி என்று யாராவது சொன்னால், அன்றைய மற்றத் தொகுதிகளின் கிண்ணங்களையும் கொண்டுவரச் சொல்கிறேன். ஜூனியர் பெண்கள் முகம் சுளிக்கிறார்கள். அவர்களுக்குக் காரணம் சொல்லவில்லை.

மூன்றாவது டம்ளரைக் கழுவவில்லை. நெம்பிய கறுப்புப் பொட்டை, நீ செய்தது போலவே கட்டைவிரலால் அழுத்தி மறுபடி ஒட்டிப் பார்த்தேன். எனக்கு அந்தக் கை வரவில்லை. கொஞ்சம் விலகி ஒட்டிவிட்டது. ஒரு ஓரத்தில் மெரூன் முன்பைவிட அதிகமாகத் தெரிகிறது.