பட்டியலில் ஏழாவது

செப்டம்பர் 22

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் பத்திரிகையில் ‘இலையுதிர் காலத்தில் பார்க்கவேண்டிய பத்து விழாக்கள்’ படித்தேன். ஏழாவதாக எங்கள் ஏரியின் விளக்குப் படகு ஊர்வலம்! பழைய பட்டியலை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டாய், சோம்பேறி. ஊர்வலம் நின்று ஆறு வருஷமாகிறது. அதில்தானே உன் அத்தானின் படகு கவிழ்ந்தது, உடல்கூடக் கிடைக்கவில்லை. இப்போது என் விடுதியில் எல்லா அறையும் பதிவாகிவிட்டது. வருகிறவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல? உடனே திருத்தம் போடு.

உன் அக்கா

செப்டம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நேரில் வரும்போது என் காதைத் திருகு. வேலை மும்முரத்தில் கண்ணை மூடிக்கொண்டு அச்சுக்கு அனுப்பிவிட்டேன். அத்தானை மறப்பேனா? பதினைந்தாம் தேதி இதழில் திருத்தம் வந்துவிடும்.

தம்பி

அக்டோபர் 5

தம்பி,

திருத்தம் வேண்டாம்.

நேற்று மாலை கரையில் நூறு பேராவது இருப்பார்கள். “ஊர்வலமெல்லாம் இல்லைங்க, கிளம்புங்க” என்று தொண்டை வறளச் சொன்னேன். ஆறு மணிக்கு அக்கரைப் பனியிலிருந்து படகுகள் வந்தன. எல்லாவற்றிலும் விளக்கு. துடுப்புச் சத்தமே இல்லை. “ரொம்ப அழகா ஏற்பாடு பண்ணியிருக்கீங்க” என்று ஓர் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசிப் படகில் அவர். நான் பின்னிக் கொடுத்த பழுப்பு ஸ்வெட்டர், காலர் வழக்கம்போல் உள்ளே மடங்கி. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டேன்; திரும்பவில்லை.

மூன்று சனிக்கிழமை நடக்கும் என்று நீ போட்டிருக்கிறாய். இன்னும் இரண்டு இருக்கிறது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும்.

அக்கா

அக்டோபர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் விடுதியில் தங்கிய ஒருவர், இரண்டாம் சனிக்கிழமை எடுத்த படத்தை எங்களுக்கு அனுப்பியிருக்கிறார். ‘பிரமாதமான விழா’ என்று பாராட்டு வேறு. படத்தில் ஒரு படகுகூட இல்லை. வெறும் தண்ணீர். அதில் இடுப்பளவு ஆழத்தில் நீ நிற்கிறாய்.

அக்கா, திருத்தத்தைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டேன். என்னைத் திட்டு, பொறுத்துக்கொள்கிறேன். நீ எனக்கு உயிரோடு வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதும் ஓடிவருகிறேன். அதுவரை கரைப்பக்கமே போகாதே.

தம்பி

அக்டோபர் 19

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் திருத்தம் பார்த்தேன். விடுதி காலியாகிவிட்டது. நேற்று கரையில் நான் மட்டும்தான். ஆறு மணிக்கு ஒரே ஒரு படகு பாதி தூரம் வந்து நின்றது. இந்தமுறை அவர் கரையைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார். படகில் விளக்கில்லை. முகம் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் படகு திரும்பிப் போய்விட்டது.

தாங்கள் விரும்பியபடி உயிரோடு இருக்கிறேன். தாங்கள் இங்கே வரவேண்டாம். தங்களுக்குத் தர அறை இல்லை.

இப்படிக்கு,
விடுதி உரிமையாளர்