நானே மூடச் சொன்ன சிகிச்சை மையத்தை மூடாதிருக்க வேண்டி

அனுப்புநர்:
தையற்கடை உரிமையாளர்,
கதவு எண் 14, கீழ்த்தளம்,
போதை மீட்பு சிகிச்சை மையத்துக்கு எதிர் வரிசை.

பெறுநர்:
பொதுச் சுகாதார அலுவலர் அவர்கள்,
பொதுச் சுகாதார அலுவலகம்.

பொருள்: எங்கள் தெருவிலுள்ள போதை மீட்பு சிகிச்சை மையத்தை வரும் ஒன்றாம் தேதி முதல் மூடும் உத்தரவை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. மேற்படி மையத்தை மூடக் கோரி, 38 கையெழுத்துகளுடன் நான் அளித்த புகார் மனு.
2. அதன்பேரில் தாங்கள் பிறப்பித்த மூடல் உத்தரவு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வை ஒன்றில் கண்ட மனுவை எழுதியவள் நானே. ஐந்தே வாரத்தில் அதன்மேல் நடவடிக்கை எடுத்துவிட்டீர்கள். தண்ணீர்க் குழாய் உடைந்ததற்கு நான் கொடுத்த மனு மூன்று ஆண்டுகளாக எந்த மேசையில் தூங்குகிறதோ தெரியாது. இதற்கு மட்டும் காட்டிய வேகத்துக்கு நன்றி சொல்வதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று விளங்காமல்தான் இதை எழுதுகிறேன்.

2. அம்மனுவில் நான் குறிப்பிட்டவை: காலை ஏழு மணிக்கே வரிசை என் கடைப் படிவரை நீண்டு தெருவைக் கெடுக்கிறது, அதில் ஒருவர், வண்டி எதுவும் இல்லாமல், ஹெல்மெட்டைக் கழற்றாமல் தினமும் நடந்தே வந்து நிற்பது சந்தேகத்துக்கிடமாக உள்ளது, இவர்களுக்கு மருந்து கொடுத்துச் செல்லம் கொடுப்பது வீண், கண்டித்து வைத்தாலே போதும், இதற்கு என் குடும்பத்திலேயே சான்று உண்டு.

3. சான்று என்று நான் எழுதியது என் தம்பியை. கண்ணாடிக் கடையில் வெட்டும் வேலை செய்பவன். ஏணியிலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டபோது வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. பிறகு அது ஊசியாயிற்று. விஷயம் தெரிந்ததும் அவனை அறையில் தள்ளி நான்கு நாள் பூட்டி வைத்தேன். உள்ளே வாந்தியும் நடுக்கமுமாகக் கிடந்தவனை நடிக்கிறான் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் என் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தான், கதவைத் திறந்தேன். அதன்பின் அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் பூட்டிப் போட்டே தம்பியைத் திருத்திய கதையைப் பெருமையாகச் சொல்லி வந்தேன்.

4. தங்கள் உத்தரவு மையத்தின் கதவில் ஒட்டப்பட்ட அன்று, அந்த ஹெல்மெட்காரர் அதைப் படித்துவிட்டு வந்து என் கடைப் படியில் உட்கார்ந்தார். விரட்டலாம் என்று அளவுகோலோடு வெளியே வந்தேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். என் தம்பி. சத்தியம் செய்த பத்தாம் நாளே மறுபடி ஊசிக்குப் போனவன், ஆறு மாதமாக இங்கே வந்து மீண்டுகொண்டிருக்கிறான். எதிரே அக்கா கடை இருப்பதால் ஹெல்மெட். நான் அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று என் கையால் தைத்த சட்டையைக்கூட அந்த நேரத்தில் போடுவதில்லையாம்.

5. ஐயா, தயவுசெய்து என் பழைய மனுவின் கையெழுத்துப் பட்டியலில் 17-ஆம் எண்ணைப் பார்க்கவும். அது அவனுடையது. வீட்டில் நான் தாளை நீட்டியபோது போட்டது. ஏன் போட்டாய் என்று கேட்டேன். "போடலன்னா ஏன்னு கேட்பியேக்கா" என்றான். எனக்குப் பயந்து, தன்னைப் பிழைக்க வைக்கும் மருந்தை நிறுத்தச் சொல்லி அவனே கையெழுத்திட்டிருக்கிறான். இந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

6. மறுநாள் அவனோடு உள்ளே சென்றேன். சிறிய அறை, ஏழு நாற்காலி, ஒரு கடிகாரம். செவிலியர் ஒவ்வொருவர் நாக்குக்கடியிலும் மாத்திரை வைக்கிறார். அது கரையும்வரை விழுங்கக் கூடாது, பேசக் கூடாது. மூட்டை தூக்குபவரும், கணக்கு ஆசிரியரும், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஒரு பெண்ணும் வாயை மூடிக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கரைந்ததும் ஒவ்வொருவராக எழுந்து வேலைக்குப் போனார்கள். இவர்களையா நான் தெருவைக் கெடுப்பவர்கள் என்று எழுதினேன்?

7. மருத்துவர் எனக்காக நேரம் ஒதுக்கினார். இது கெட்ட குணமில்லை, மூளையைப் பிடிக்கும் நோய். பழகிய உடம்புக்கு ஒரு கட்டத்தில் சும்மா நிற்பதற்கே அந்தப் போதை தேவைப்படும். இந்த மருந்து அந்தத் தவிப்பை அடக்கி ஆளை நிலைக்கு நிறுத்துகிறது என்றார். திடீரென்று நிறுத்தினால் பலர் பழைய ஊசிக்கே திரும்பிவிடுவார்கள் என்றும், இடைவெளிக்குப் பிறகு பழைய அளவைப் போட்டால் உயிரே போகலாம் என்றும் சொன்னார். நான் பூட்டி வைத்துத் திறந்துவிட்ட ஐந்தாம் நாளை நினைத்துக்கொண்டேன். அவன் பிழைத்திருப்பது என் சாமர்த்தியத்தால் அல்ல.

8. நான் இருக்கும்போதே, பத்தொன்பது நாள் வராமல் போயிருந்த ஒருவர் வாசலில் வந்து தலையைக் குனிந்து நின்றார். சட்டையெல்லாம் அழுக்கு. நானாயிருந்தால் திட்டிக் கிழித்திருப்பேன். செவிலியர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "வந்துட்டீங்கல்ல, உட்காருங்க. சாப்பிட்டீங்களா?" என்றார். அவ்வளவுதான். அந்த மனிதர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இருபத்திரண்டு ஆண்டுகளாக மனித உடம்பை அளந்து பிழைப்பவள் நான். ஒரு மனிதரை இப்படிப் பார்க்க முடியும் என்பதை அன்றுதான் கண்டேன்.

9. அன்றே தம்பி வேலை செய்யும் கடைக்கும் போனேன். ஆளுயரக் கண்ணாடியில் கோடு வைத்து, ஒரே இழுப்பாக இழுத்து, தட்டிப் பிரித்தான். துணி தப்பினால் ஒட்டுப் போடலாம், கண்ணாடியில் அந்த வேலை நடக்காது. கை நடுங்கவில்லை. அதை அதிசயம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்ல?

10. வரிசையைப் பற்றிய என் புகார் தீர்ந்துவிட்டது. என் கடை வாசலில் இரண்டு பெஞ்சு போட்டிருக்கிறேன். என்னைத் தவிர முன்பு கையெழுத்திட்ட 37 பேரில் 31 பேர் இம்மனுவிலும் கையெழுத்திட்டுள்ளனர் (இணைப்பு). தம்பி விஷயத்தை அவன் சம்மதத்தோடுதான் எழுதியிருக்கிறேன். மீதி ஆறு பேர் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் பேசி வருகிறேன், எனக்கு வாய் உண்டு என்பது தாங்கள் அறிந்ததே.

ஆகவே, பார்வை ஒன்றில் கண்ட என் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அறியாமல் எழுதியதற்குத் தண்டனை உண்டென்றால் அதை எனக்குத் தரவும், மையத்துக்குத் தர வேண்டாம் என்று பணிந்து வேண்டுகிறேன். உத்தரவை ரத்து செய்ய இயலாது என்று தாங்கள் முடிவெடுத்தால், வரும் ஒன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு என் தம்பி எந்தக் கதவின் முன் நிற்க வேண்டும் என்பதை மட்டும் எழுத்துமூலம் தெரிவிக்கவும். நான் உடன் வருவேன்.

இடம்: மையத்துக்கு எதிர்க்கடை
நாள்: நடப்பு மாதம் 21

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
தையற்கடைக்காரி, 17-ஆம் எண்ணின் அக்கா