வெயிலுக்கு ஸ்விட்ச் இல்லை

அன்புத் தங்கச்சிக்கு,

மாப்பிள்ளையின் போட்டோவுக்கு மாலை போட்டதிலிருந்து நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அம்மா சொன்னாள். போனில் உன்னால் பேச முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அன்று சோலார் தகட்டைச் சரிபார்க்க ஏறிய அவர் கம்பெனி மாடியிலிருந்து, "ஏட்டி, மெயினை ஆஃப் பண்ணிட்டியா?" என்று கேட்டிருக்கிறார். நீ ஆஃப் செய்தாய். தையல் மெஷின்கள் எல்லாம் நின்றன. அதற்குப் பிறகும் அவருக்குக் கரண்ட் அடித்தது. "நீ சரியா ஆஃப் பண்ணலையாட்ட இருக்குது கண்ணு" என்று சூப்பர்வைசர் சொன்னதை நீயும் நம்புகிறாய்.

என் ஆய்வகத்தில் நான் செய்வது இதுதான். கண்ணாடியில் பூசிய மெல்லிய சிலிக்கான் படலம், அதற்குள் நானோ படிகங்கள். அதில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று அளக்கிறேன். இருட்டில் ஏறக்குறைய ஒன்றும் ஓடாது. வெளிச்சம் பட்டதும் பல மடங்கு பாயும். உங்கள் கம்பெனி மாடியில் இருக்கும் சோலார் தகடுகளும் வெளிச்சத்துக்கு இப்படித்தான். மெயினை ஆஃப் செய்தால் கட்டிடத்துக்குள் கரண்ட் வராது. வெயில் இருக்கும்வரை தகட்டின் ஒயரில் அது இருக்கும். யார் ஆஃப் செய்தாலும் இருக்கும்.

தொடுவதற்கு முன் கறுப்புத் துணியால் மூடிவிடுங்கள் என்று பொங்கலுக்கு வந்தபோது மாப்பிள்ளையிடம் சொல்லியிருந்தேன். அன்று மாடி ஏறும் முன் அவர் துணி கேட்டாராம். "எக்ஸ்போர்ட் துணிங்க, அழுக்காயிருமுங்க. அதுதான் மெயினை ஆஃப் பண்றோமுல்லங்க" என்று சூப்பர்வைசர் சிரித்தாராம். காரியத்துக்கு வந்தபோது நீதான் சொன்னாய்.

தப்பு உன்னுடையது என்று போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்காதே. அவர் துணி கேட்டதைச் சொல். அன்று உன் மெஷினில் ஓடியது கறுப்பு பனியன் துணி என்பதையும் சொல்.

உன் அண்ணன்