பிழை பார்ப்பவருக்கு ஒரு கணினி

ஒக்டோபர் 7, செவ்வாய்

விடியற்காலை தொடங்கித் தூறல். வாவிப் பக்கத்துக் காற்றில் ஈரம். பழைய கணினி இன்றும் எழ மறுத்தது. பொத்தானை அழுத்தினால் உள்ளே விசிறி சுழல்கிறது, திரை கறுப்பு. தாய்ப்பலகை போய்விட்டது என்பதில் ஐயமில்லை. கோப்புகள் யாவும் வெளிவட்டில் பத்திரம். அந்த மட்டில் ஆறுதல்.

புதியது வாங்கியே ஆக வேண்டும். தட்டெழுத்து வேலை இன்றி நான் இருந்து பழக்கமில்லை. மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள் நினைவு மலர் (இனி நி.ம.), கோயில் திருவிழா விஞ்ஞாபனம், ரியூஷன் வினாத்தாள். கல்லடியில் இவற்றுட் பெரும்பாலானவை இந்த முன்னறையிலிருந்து புறப்பட்டவையே. எவரிடமும் பயிலாமல் நானே கற்றுக்கொண்ட தொழில்.

ஆனால் இம்முறை வாங்குவது எனக்காக மட்டும் அன்று. இதை இங்கு எழுதுகிறேன், கணவரிடம் சொல்லவில்லை.

இவருடைய கண்கள். சீனி வருத்தம் (நீரிழிவு) இடக்கண்ணை முழுதாகக் கொண்டுபோயிற்று. வலக்கண்ணில் வெளிச்சமும் நிழலும் மாத்திரம். வைகாசி முதல் பிழை பார்ப்பதில்லை. நான் அடிப்பேன், இவர் பார்ப்பார், அதன் பின்னரே தாள் வீட்டை விட்டு வெளியேறும்; அதுவே எங்கள் ஒழுங்காக இருந்தது. பஸ் கொண்டக்டராக வாகரைக்கும் உன்னிச்சைக்கும் ஓடியவர். எந்த ஊரில் எவர், எவருக்கு எவர் மச்சான் என்பதெல்லாம் இவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. வசனம் என் பொறுப்பு. மனிதர்கள் இவர் பொறுப்பு.

இப்போது தேநீர் குடித்ததும் வாசற்கதவருகே நாற்காலி. வேலை கொண்டு வருபவர்களிடம், "நான் பென்சன் எடுத்த ஆள். அவட்டக் கேளுங்க." சிரித்துக்கொண்டே சொல்கிறார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

நான் உரத்து வாசிக்கிறேன், நீங்கள் கேட்டுத் திருத்துங்கள் என்று முன்பே கேட்டுப் பார்த்தேன்.

"நீ வாசிச்சா பிழை வராது புள்ள. நீ எழுத நினைச்சதத்தானே வாசிப்பாய்."

உண்மைதான். எழுதியவள் மேல் பற்று இல்லாத ஒரு குரல் வேண்டும்.

ஒக்டோபர் 8, புதன்

மழை இல்லை. வெயிலும் இல்லை. துணி காயவில்லை.

கைப்பேசியில் நாள் முழுதும் வாசிப்பு. திரையில் உள்ளதை உரத்துச் சொல்லும் மென்பொருள் உண்டு. திரைவாசிப்பான் என்கிறார்கள். நல்ல பெயர். இலவசம். தமிழ்க் குரலும் சேர்க்கலாம்.

அடுத்து நினைவகம். எட்டா, பதினாறா? என் விளக்கத்துக்காக: சேமிப்பகம் என்பது களஞ்சியம், நினைவகம் என்பது சூடடிக்கும் களம். களஞ்சியம் எவ்வளவு பெரிதாயினும் களம் ஒடுக்கமெனில் வேலை நகராது. பக்க அமைப்பு மென்பொருள், இணையம், திரைவாசிப்பான், தமிழ்க் குரல் எல்லாம் ஒரே நேரத்தில் களத்தில் நிற்கும். குரல் நடுவே திக்கினால் இவர் எழுந்து போய்விடுவார். மறுபடி உட்கார மாட்டார். எனக்கு இவரைத் தெரியும்.

ஆகவே பதினாறு.

மடிக்கணினி வேண்டாம். மேசைக் கணினியே. காரணம்: திரைவாசிப்பானை ஓட்டுவதற்கு இலக்கங்கள் தனியே அமைந்த விசைப்பலகை வசதி. ஐந்தாம் இலக்கத்தின் மேல் சிறு புடைப்பு இருக்கிறது. இவ்வளவு காலம் அதன் மீது விரல் வைத்திருந்தும் அது எதற்கென்று நான் யோசித்ததில்லை.

வாங்க வேண்டியவை, மீன் நீங்கலாக: முருங்கைக்காய், உள்ளி, இவருடைய மாத்திரை.

ஒக்டோபர் 10, வெள்ளி

பட்டணம் சென்றேன். பாலத்தில் காற்று குடையைப் புரட்டிவிட்டது. நனைந்த சேலையுடன் கடைக்குள் நுழைவது மரியாதையன்று, ஆயினும் நுழைந்தேன்.

விற்பனையில் ஒரு காத்தான்குடிப் பெண். பர்ஹானா. முக்காட்டின் மேல் ஒலிவாங்கி மாட்டியபடி, ஒரே வேளையில் தொலைபேசியிலும் பேசினாள், என்னோடும் பேசினாள்.

"பதினாறு கிகாபைற்று நினைவகம் கொண்ட மேசைக் கணினியொன்றைப் பார்வையிட விரும்புகிறேன்," என்றேன்.

"அன்ரி, ரெம்மையா கேக்குறீங்க?"

"ஓம். ரெம்."

"வீட்டுப் பாவனைக்குத்தானே? எட்டு காணும். பதினாறெல்லாம் கேம் அடிக்கிற ஆக்களுக்கு. உங்கட வீட்டுல ஆரு கேம் அடிக்கிற?"

"என் கணவர்."

மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பின்பு விளக்கினேன். சிரிப்பை நிறுத்தினாள். தொலைபேசியையும் நிறுத்தினாள்.

"அப்ப ரெண்டு எட்டாப் போடுவம் அன்ரி. ஒரே பதினாற விட அது விரைவா ஓடும். ஒண்டு பழுதானாலும் மத்தது கிடக்கும்."

இது நான் வாசித்ததோடு பொருந்தியது. மதிப்பு ஏற்பட்டது.

மென்பொருள் பற்றிக் கேட்டேன்.

"எல்லாம் போட்டுத் தருவம். விண்டோஸ், ஓஃபிஸ், படம் வெட்டுற, சாதகம் பாக்குற. ஒண்டுக்கும் காசில்ல."

"உரிமம் உண்டா?"

"மட்டக்களப்புல ஆரும் இதக் கேட்டதில்ல அன்ரி."

என் வினாத்தாள்களைப் பெயரை நீக்கிவிட்டுப் படியெடுத்து விற்றவர்களை வாய் நிறையத் திட்டியவள் நான். பிறர் உழைப்பை இலவசமாக ஏற்றிக்கொள்ள மனம் ஒப்பவில்லை. ஆனால் ஓஃபிஸ் உரிமமும் இரண்டாவது எட்டும் சேர்ந்து என் கைக்கு அடங்கா. ஒன்றுதான்.

முடிவு: இயங்குதளத்துக்கு உரிமம். ஓஃபிஸ் வேண்டாம், எவரும் இலவசமாகப் பாவிக்கும்படி ஆக்கியோரே விட்டிருக்கும் எழுத்து மென்பொருள் போதும். மிச்சம் நினைவகத்துக்கு. சாதகம் அறவே வேண்டாம்.

"சாதகத்த எண்டாலும் எடுங்க, சும்மா கிடக்கும்," என்றாள். மறுத்துவிட்டேன்.

ஒக்டோபர் 11, சனி

வெட்ட வெயில். துணி காய்ந்தது.

கொழும்பிலிருந்து மகள் தொலைபேசி எடுத்தாள். அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன்; எடுத்தது எனக்கு அல்ல, தகப்பனுக்கு. "அப்பா, அம்மா உங்களுக்குத்தானே வாங்குறா, வாசிச்சுக் காட்டுற கம்பியூட்டர்." நான் குசினியில் சமையல், தொலைபேசி ஒலிபெருக்கியில். கேட்டுவிட்டது.

இவர் அதைப் பற்றிக் கேட்டது சோறு போட்டபோதுதான்:

"கண் தெரியாதவனுக்கு என்னத்துக்குப் புள்ள கம்பியூட்டர்? நீ லெப்டொப் வாங்கு. கட்டில்ல சாய்ஞ்சிருந்து அடிக்கலாம்."

புடைப்புள்ள விசை, திரைவாசிப்பான், நினைவகத்தின் அளவு ஆகியன குறித்து விரிவாக எடுத்துரைத்தேன்.

"நீ புத்தகத் தமிழ்ல சண்டை பிடிச்சா எனக்கு மறுமொழி வராது."

"சண்டை அன்று. விளக்கம்."

"ஆ. விளக்கம்."

கை கழுவிய பின், வேறு குரலில்: "சும்மா இருக்கிறவன எழுப்பாத புள்ள. எழும்பி விழுந்தா நாலு பேர் பாப்பாங்க."

இவர் சோம்பலில் இருக்கிறார் என்றே இவ்வளவு நாள் எண்ணியிருந்தேன். அச்சம் என்று தோன்றவே இல்லை. கொண்டக்டர் வேலையில் ஒருவரிடமும் பிழையான மீதி கொடுக்காத மனிதர். பிழை விடுவதைவிட வேலையை விடுவது இவருக்கு இலகு.

வாங்காமல் விட்டுவிடலாமா? பின்னேரம் முழுதும் யோசித்தேன். விட்டால், கதவருகு நாற்காலி நிரந்தரம்.

ஒக்டோபர் 13, திங்கள்

வாங்கியாயிற்று. முச்சக்கர வண்டியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இணைப்புகள் யாவும் நானே. பர்ஹானா ஆள் அனுப்பவா என்றாள், தேவையில்லை என்றேன்.

திரைவாசிப்பான் ஏற்றினேன். தமிழ்க் குரல் ஏற்றினேன். பெண் குரல், செய்தி வாசிப்பவரின் சாயல், சற்றுச் சளி பிடித்தாற்போல். மென்பொருளின் பெயர், நாள், நேரம் எல்லாம் தெளிவாகச் சொன்னது. இவர் கதவு நிலையில் சாய்ந்து கேட்டார். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை.

பழைய நி.ம. ஒன்றைத் திறந்தேன். திரையில் அழகிய தமிழ். விசையை அழுத்தினேன்.

"எம். கே. செமிகோலன். கே. எச்."

நிறுத்தினேன். வேறு கோப்பு. அதிலும் அதுவே. ஆங்கில எழுத்துகள், காற்புள்ளிகள், அடைப்புக்குறிகள், ஏதோ தந்தி அடிப்பது போல.

"ஆரு இது, வெள்ளைக்காரியா?" என்றார் இவர்.

மூன்றாவது கோப்பைத் திறந்தேன். அதுவும் அப்படியே.

"பிழையான பஸ்ஸில ஏறிட்டம் புள்ள," என்று நகைச்சுவையாகச் சொல்லிவிட்டு நாற்காலிக்குப் போனார். தடி தட்டும் ஓசை. நாற்காலி இழுபடும் ஓசை.

பதினாறு கிகாபைற்று. எதற்கு?

ஒக்டோபர் 14, செவ்வாய்

மழை. காலை முழுதும் நானே காரணம் தேடினேன். அகப்படவில்லை. தோல்வியை ஒப்புக்கொண்டு பர்ஹானாவை அழைத்தேன்.

"அன்ரி, நீங்க பாமினி எழுத்துருவிலயா அடிச்ச?"

"ஆம். எல்லோரும் அதில்தானே அடிக்கிறார்கள்."

"அது எழுத்துக்குப் போட்ட சட்டை மாதிரி. கழட்டினா உள்ளுக்கு இங்கிலீசு. உங்கட கண்ணுக்கு அம்மா எண்டு தெரியும். கம்பியூட்டருக்கு அது எம்மும் கேயும்தான். யுனிகோட்டில அடிச்சாத்தான் உள்ளுக்கும் தமிழ்."

யுனிகோட், தமிழில் ஒருங்குறி, என்ற சொல் எனக்குத் தெரியும். பல ஆண்டுகளாகத் தெரியும். இளையோர் கைப்பேசிக்கு உரியது என ஒதுக்கி வைத்திருந்தேன். நான் அடித்த இறந்தோர் வாழ்வெல்லாம், வினாத்தாளெல்லாம், கண்ணுக்கு மட்டுமே தமிழாக இருந்திருக்கின்றன.

பின்பு, செய்ய வேண்டியவை:
பழைய கோப்புகளை மாற்றும் மென்பொருள். (உண்டு. இலவசம்.)
பாமினி விசைகளிலேயே அடித்தாலும் ஒருங்குறியாக விழச்செய்யும் விசைப்பலகை மென்பொருள். (உண்டு. விரல்களுக்கு மாற்றமில்லை. நன்றி.)
பழைய பக்க அமைப்பு மென்பொருள்: ஒருங்குறியை ஏற்காது. கைவிடல். அதிலிருந்த தாமரைக் கரை அலங்காரங்களும் போயின. வருத்தமே.

மாலைக்குள் ஏற்றி முடித்தேன். இவரை அழைக்கவில்லை.

ஒக்டோபர் 15, புதன்

உன்னிச்சையிலிருந்து ஒருவர் வந்தார். இறந்த தாயாரின் நி.ம. ஞாயிறன்று முப்பத்தோராம் நாள். கையால் எழுதிய தாள்கள், மழையில் மை சற்றுக் கசிந்தவை. நாகம்மா அவர்கள், வயல் வேலை, ஆறு பிள்ளைகள்.

அவர் போன பின் இவர்: "நாகம்மாவா? வேலாப்போடிர தங்கச்சி."

ஒருங்குறியில் அடித்தேன். வாழ்க்கை வரலாறு நன்றாக அமைந்தது. முதல் வசனம் ஒன்பது வரி. திரையில் வாசித்தேன், பிழையில்லை. இவருக்கு உரத்தும் வாசித்தேன். "நல்லாக் கிடக்கு," என்றார், வீதியைப் பார்த்தபடி.

ஒக்டோபர் 16, வியாழன்

மழை விட்டுவிட்டுப் பெய்தது.

காலையில் இவர் கையைப் பிடித்து மேசைக்குக் கொண்டுவந்தேன். சம்மதம் கேட்கவில்லை. விரலை எடுத்து ஐந்தாம் இலக்கத்தில் வைத்தேன். தடவிப் பார்த்தார்.

"இது என்ன, மணலா?"

"அதுதான் உங்கள் இடம். மேலே அழுத்தினால் முந்திய வரி. கீழே, அடுத்த வரி."

குரல் தொடங்கிற்று. தமிழ். என் வசனங்களை அது ஓர் உணர்ச்சியும் இன்றி, சந்தைக் கணக்குப் போல் வாசித்தது. எனக்கு முகம் சுருங்கியது. இவர் தலை சாய்த்துக் கேட்டார். பக்கம் இரண்டு, உறவுமுறை.

"காலஞ்சென்றவர்களான சின்னத்தம்பி, வேலாப்போடி, கந்தப்போடி ஆகியோரின் அன்புச் சகோதரியும்..."

விரல் நின்றது. மேலே அழுத்தினார். மறுபடி அதே வரி.

"கந்தப்போடி எப்ப செத்தான்?"

தாளை எடுத்துப் பார்த்தேன். கந்தப்போடி அடுத்த வரியில், உயிரோடு இருப்பவர்கள் பக்கத்தில். மை கசிந்த இடத்தில் என் கண் வழுக்கி அவரை மேலே ஏற்றிவிட்டது.

"நேற்று உங்களுக்கு வாசித்தேனே. கேட்டீர்களே."

"நீ வாசிக்கேக்க அவன உயிரோடதான் வாசிச்ச."

அப்படித்தான் இருந்திருக்கும். தாளிலுள்ளதை மனம் வாசித்தது, திரையிலுள்ளதை அல்ல.

"உன்னிச்சை பஸ்ஸில ஒருநாளும் சரியான சில்லறை தராத மனிசன்," என்றார் இவர். "அவன் செத்தா எனக்குத் தெரியாமப் போகாது."

ஞாயிறன்று அந்த மலரைக் கந்தப்போடி தம் கையிலேயே வாங்கியிருப்பார். பந்தியில் அமர்ந்து, தங்கையின் படத்தைப் பார்த்து, பக்கத்தைப் புரட்டியிருப்பார். அதற்குமேல் என்னால் எண்ணிப் பார்க்க இயலவில்லை. பெயரைக் கீழே இறக்கினேன். இருமுறை பிழையான விசை தட்டுப்பட்டது, அதை இவர் காணவில்லை. பின்னர் தோன்றியது, விசை ஓசையில் கேட்டிருப்பார்.

முதற் பக்கத்துக்குத் திரும்பினார். ஒன்பது வரி வசனம். குரல் மூச்சே விடாமல் வாசித்து முடித்தது.

"இது வாகரை ரோட்டு மாதிரி. எங்க இறங்குறதெண்டு தெரியல்ல. வெட்டு."

"வெட்ட மாட்டேன்."

"அப்ப நடுவில ஒரு பஸ் ஹோல்ட் போடு. சனம் இறங்கட்டும்."

இரண்டாகப் பிரிக்கச் சம்மதித்தேன். மூன்றாக வேண்டும் என்றார். தர்க்கம் மதியச் சோறு வரை நீடித்தது. எனக்குப் பசிக்கவில்லை. இவர் இரண்டாம் முறை சோறு கேட்டார்.

ஒக்டோபர் 17, வெள்ளி

வானம் வெளித்துவிட்டது. காலையிலேயே இவர் மேசையில். குரலின் வேகத்தைக் கூட்டிக்கொண்டார், எப்படியென்று எனக்குச் சொல்லவில்லை. அது இப்போது ஏலம் கூறுபவர் போல ஓடுகிறது, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, இவருக்கு விளங்குகிறது. நான் அடிக்க வேண்டிய வினாத்தாள் கிடக்கிறது. எழும்புங்கள் என்றேன். "பொறு," என்றார்.

பதினொரு மணியளவில் நாகம்மா அவர்களின் மகன் வந்தார், அச்சகத்துக்குக் கொண்டுபோக. அச்சிட்ட தாள்களை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். நீட்டுமுன் உள்ளேயிருந்து இவர் குரல்:

"தம்பி, இப்ப தர ஏலா. கடைசி ரெண்டு பக்கம் நான் இன்னும் கேக்கல்ல. பின்னேரம் வாங்க."

தாள்களைத் திரும்பக் கொண்டுபோய் இவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன்.