பிரபுவின் தலை

ஒக்டோபர் 4, சனி

தூறல். லண்டன் பிளேஸ்டோ, கத்தோலிக்கப் பங்கு மண்டபம். கூத்து ஒத்திகை. ஹீட்டர் வேலை செய்யவில்லை.

இந்த முறை வேதத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சி கதை வேண்டாமாம். கூத்துப் பழக்கும் அண்ணாவியார்: "இருக்கிற நாட்டின்ர கதையைப் போடுவம்." ஆகவே பழங்கால இங்கிலாந்துப் பிரபு ஒருவர். பெரிய காணிக்காரர், பாராளுமன்றக்காரர். ஊர்ப் புல்வெளியை வேலி போட்டு அடைத்தார், எதிர்த்தவனைச் சவுக்கால் அடித்தார், கடைசியில் அரசனோடு மோதித் தலையைக் கொடுத்தார்.

பிரபு வேடம் அத்தானுக்கு, அக்காவின் புருஷனுக்கு. வேறு யாருக்கு? வாடகைக்கு மூன்று வீடு, அடுத்த கவுன்சில் எலெக்‌ஷனில் நிற்கிறார். பிரபுவின் மனைவி என் அக்கா. அதுவும் பொருத்தம்தான். ஆள் பற்றாததால் எனக்கு இரண்டு வேடம்: அடி வாங்கும் குடியானவன், தலை வெட்டுகிறவன்.

11, சனி

சவுக்கடிக் காட்சி. நிலத்தில் அடித்தால் போதும், துள்ளுவது என் வேலை. அத்தான் முதுகிலேயே போட்டார். தாளம் பிசகாமல், அடிக்கு மேல் அடி. பனியனில் ரத்தம். அண்ணாவியார், "ஆகா, இதெல்லோ நடிப்பு!" மனுஷனுக்குக் கண் பொட்டையா?

சவுக்கை எடுக்கும் முன் அத்தான் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பொக்கெற்றில் போட்டார். அவசரமே இல்லை. பழகிய கை. திரும்பிப் பார்த்தால் அக்கா இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு நிற்கிறாள். அடி விழுந்தது எனக்கு.

வாங்க: பிளாஸ்டர், கோடரிக்கு வெள்ளித்தாள், பாண்.

14, செவ்வாய்

ஷிப்ட் முடிந்து அக்கா வீடு. அத்தான் இல்லாத நேரம். அவள் முழங்கைக்கு மேலே நீலம், அதன் கீழே பழைய மஞ்சள்.

"அவர் அடிக்கிறவரோ?"

"பாத்ரூமில வழுக்கினதடா."

"அக்கா."

தேத்தண்ணீரைத் தள்ளி வைத்தாள். "ஓம். சொன்னால் ஆர் நம்புவினம்? கோயிலில அவருக்கு முன்வரிசை வாங்கு. நீ பேசாமல் இரு, தம்பி."

கொல்ல வேண்டும் அவரை.

25, சனி

வெயில். கூத்து அரங்கேற்றம், மண்டபம் நிறையச் சனம். மட்டன் ரோல் இடைவேளைக்கு முன்பே தீர்ந்தது.

வெட்டும் காட்சி. கோடரி பலகையில் செய்தது. ஆனாலும் முழு மூச்சோடு இறக்கினால் எலும்பு முறியும். அத்தான் கழுத்தைக் கட்டையில் வைத்தார். ஓங்கினேன். கடைசி நொடியில் கட்டையில்தான் இறக்கினேன், கோடரி இரண்டாய்ப் போனது. என்னால் முடியவில்லை. சீ.

அடுத்து மனைவியின் புலம்பல். கூத்துக்கு உயிரே அதுதான், பொம்பிளையள் அதற்கென்றே கண் துடைக்க லேஞ்சியோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். மத்தளம் காத்திருந்தது. அக்கா அத்தானின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். பாடவில்லை. சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, முன்வரிசையில் இருந்த ஃபாதருக்குத் தெரியும்படி கையை நீட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, மைக்கில்:

"தம்பி, இவர் இன்னும் சாகேல்லை. இன்னொருக்கா வெட்டு."

செத்துக் கிடந்த அத்தான் கண்ணைத் திறந்தார்.