மேற்கோள் குறி இல்லாத பாதை

நவ. 10, திங்கள்
விடியலிலிருந்து தூறல். பெருநகர் ஊருக்குப் போகும் பஸ் வரவில்லை. பைக்கில் போனேன், பேண்ட் முழுக்கச் சேறு.

பால் குளிரூட்டும் நிலையத்தில் ஒரே கூச்சல். பால் ஊற்ற வரும் மானாம்பதிப் பெண்கள் லேப் ஜன்னலில் நின்று, பாலைச் சோதிக்கும் ஸ்டெல்லாவை ஏசிக்கொண்டிருந்தார்கள். பத்து நாளாக அவர்கள் பாலில் கொழுப்பு குறைவாகவே காட்டுகிறதாம். கொழுப்பு குறைந்தால் காசும் குறையும்.

"கறந்த சூடு கூட ஆறல. தண்ணி ஊத்திக்கினு வந்தோம்ன்றியாடி?"

"மிஷின் காட்றததான்க்கா எழுதறேன்." இதையே பத்து தடவை சொன்னாள். பாவம்.

கம்ப்யூட்டர் எல்லாம் என் பொறுப்பு என்பதால் முதலாளி என்னிடம்: "அவதான் நம்பரை மாத்திக்கினு கீறா. கண்டுபுடிச்சிக் குடு, தம்பி."

அவளிடம் இருப்பது சாதா லாகின். அதை வைத்து ரீடிங்கைத் தொட முடியாது. சொன்னேன். காதில் வாங்கவில்லை.

வாங்க: யுபிஎஸ் பேட்டரி, கொசுவத்தி, அம்மாவுக்கு மாத்திரை.

நவ. 11, செவ்வாய்
சர்வர் அறையில் எலி நாற்றம். கீபோர்டில் சர்வருக்குப் போட்ட பூஜையின் குங்குமம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ரீடிங் எடுக்கும் சர்வீஸின், அதாவது பின்னால் தானே ஓடும் புரோகிராமின், பாதை: D:\Sri Milk\Reader\reader.exe. நடுவில் இடைவெளி, சுற்றி மேற்கோள் குறி இல்லை. அப்படி இருந்தால் விண்டோஸ் இடைவெளியில் நின்று, முதலில் D:\Sri.exe என்று ஒன்று இருக்கிறதா எனப் பார்க்கும். இருந்தால் அதையே ஓட்டும், அட்மினுக்கும் மேலான அதிகாரத்தோடு.

இருந்தது.

D டிரைவில் யார் வேண்டுமானாலும் ஃபைல் போடலாம். இதைப் போட்டது சூப்பர்வைசரின் லாகின். முதலாளியின் மச்சான். எவனோ புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறான். அது மானாம்பதி கேனில் கொழுப்பைக் குறைத்து, இவன் கேனில் ஏற்றுகிறது. மாடு வைத்துப் பிழைப்பவர்கள் வயிற்றில் அடிக்க இவ்வளவு மூளை. த்தூ.

பூஜை அன்று ஃபோல்டர் பெயர் 'ஸ்ரீ'யில் தொடங்கணும் என்று அடம் பிடித்தவர் முதலாளி. தேங்காய் உடைக்கும் அவசரத்தில் பெயரை மாற்றினேன். குறி போடாமல் விட்டவன் நான்தான்.

நவ. 12, புதன்
அந்த ஃபைலை நகல் எடுத்துவிட்டு அழித்தேன். பாதைக்குக் குறி போட்டேன். D டிரைவைப் பூட்டினேன். பத்து நிமிட வேலை.

முதலாளியிடம் காட்டினேன். டீயை உறிஞ்சிக்கொண்டே பார்த்தார்.

"வூட்டு விஷயம், தம்பி. அவனை நான் கண்டிச்சிக்கிறேன். அந்தப் பொண்ண நேத்தே நிறுத்திட்டேன், வுடு."

"அவ ஒண்ணும் பண்ணல, சார்."

"அந்த ஓட்டைய வுட்டது யாரு? நீதான? வெளிய போனா ஒம் பேருதான் நாறும்."

'லேப் ஊழியரின் தவறு' என்று டைப் அடித்த தாள். ரெடியாக வைத்திருந்தார். கையெழுத்துப் போட்டேன். அந்த ஆளைவிட என் மேல்தான் வெறுப்பு.

நவ. 13, வியாழன்
வெயில். ரீடிங் எல்லாம் சரியாக வருகிறது. ஜன்னலில் பெண்கள் சிரிப்பு.

"பாத்தியா, அவ போனதும் நம்பர் சரியாப்பூடுச்சி."

ஸ்டெல்லா தன் டிபன் பாக்ஸை எடுக்க வந்திருந்தாள். அவள் காதிலும் விழுந்தது. நேராக என்னிடம் வந்தாள்.

"அண்ணா, மிஷின்ல எதுனா இருந்திச்சா?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.